முதல் லாட்டுக்கு நின்றவன்

இடது கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி. ஊசிக் குத்தல் மாதிரி இல்லை. பல் பிடுங்கின இடத்தை நாக்கு போய்ப் போய்த் துழாவுமே, அந்த மாதிரி. ஏதோ இருந்த இடம் காலியாகக் கிடக்கிறது, உடம்பு அதை விடாமல் தேடுகிறது. பதினான்கு வருஷம் சாயப்பட்டறை லேபில் நின்ற குதிகால் வலி படுத்தால் அடங்கிவிடும். இது படுத்தாலும் அடங்காது.

அங்கே இருந்தது சிவப்பு.

என் பெயர் துளசிமணி. திருப்பூரில் பனியன் துணிக்குச் சாயம் போடுகிற பட்டறையில் ஷேடு பார்க்கிற வேலை. வெளிநாட்டுக்காரன் நகத்தளவு துணி அனுப்புவான். அதே நிறம் நம் துணியில் வர வேண்டும். முதலில் டியூப்லைட்டில் பார்ப்பேன், பிறகு கடை லைட்டில், கடைசியில் வெளியே எடுத்துப் போய் வெயிலில். மூன்றிலும் நின்றால்தான் அது ஷேடு. லேபில் மெஷினும் இருந்தது. ஆனால் மெஷின் சரி என்று சொன்ன துணியையும் மாஸ்டர் என்னிடம்தான் நீட்டுவார். "துளசி பாஸ் பண்ணட்டும்" என்பார். சிவப்பில் மட்டும் இருநூறு வகை எனக்குத் தனித்தனியாகத் தெரியும். பேர் கிடையாது. ஆனால் தெரியும்.

இப்போது தக்காளி எனக்கு நனைந்த சாம்பல். விரல் அறுபட்டால் சாக்கடைத் தண்ணீர் வருகிறது. குங்குமத்தையும் திருநீற்றையும் மோந்து பார்த்து எடுக்கிறேன்.

இதை எடுத்தவன் பிரணவ். எக்ஸ்போர்ட் கம்பெனி வீட்டுப் பிள்ளை, வெளிநாட்டில் படித்தவன். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் எங்கள் பட்டறைக்கு ஒரு நாற்காலியும், வயர் தொங்குகிற ஒரு தொப்பியும் கொண்டு வந்தான். அன்றைக்கு லேபில் என் ஸ்டூலுக்கு எதிரே, தரையிலேயே உட்கார்ந்து பேசினான். முதலாளி ஜாதி ஒருத்தன் தரையில் உட்கார்ந்தால் நமக்கு உடனே மனசு இளகிவிடும். அது நம்முடைய கேடு.

"அக்கா, எனக்குச் சின்ன வயசுலேர்ந்து ஓவியம்தான். ஆனா கை வரலை" என்றான். "வெளிநாட்டுல ஒரு ஹால்ல ஒரு ஓவியம் பார்த்தேன். ஆள் கிடையாது, மரம் கிடையாது. ஒரு ஆள் உயரத்துக்கு வெறும் சிவப்பு. அது முன்னால நின்னு ஒரு கிழவர் அழறார். அந்த மாதிரி ஒரு போட்டோ எடுக்கணும்."

"சிவப்புச் சுவரைப் படம் புடிங்க சார்" என்றேன்.

"அது சுவர் போட்டோ. எனக்குச் சிவப்போட போட்டோ வேணும். கேமரா எப்பவும் வெளியே பார்க்குது. என்னோடது உள்ளே பார்க்கும். நீங்க ஒரு நிறத்தைப் பார்க்கும்போது மூளையில ஒரு இடம் எரியும். அந்த எரிச்சலை அப்படியே பிடிச்சுத் துணியில அச்சடிச்சிடுவேன். பார்க்கறவனுக்கு நீங்க பார்த்தது தெரியும்."

"அதுக்கு நான் எதுக்கு? உங்க தலையில எடுத்துக்கலாமே?"

சிரித்தான். "என் தலையில நாலு சிவப்பு இருந்தா அதிகம். உங்க தலையில இருக்கிறது வேற எவன் தலையிலயும் இல்லக்கா."

ஒரு உட்காரலுக்கு ஒரு மாசக் கூலி கொடுத்தான். காசுக்காக மட்டும் உட்கார்ந்தேன் என்றால் பொய். என் தலைக்குள் ஒன்று இருக்கிறது என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. அவன் நீட்டின தாளில் 'தற்காலிகக் கண் கூச்சம் ஏற்படலாம்' என்று இருந்தது. "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றான். கையெழுத்துப் போட்டேன்.

பதினோரு தடவை உட்கார்ந்தேன். ஒவ்வொரு தடவையும் நிறம் கொஞ்சம் வெளுத்தது. ரெண்டு நாள் காத்திருப்பேன். வந்துவிட்டது என்று நானே நினைத்துக்கொள்வேன். பதினோராவதுக்கு அடுத்த வாரம் எண்ணூறு கிலோ மெரூன் துணியைப் பாஸ் பண்ணினேன். அது மெரூன் இல்லை, செங்கல்பொடி. முழு லாட்டும் திரும்பி வந்தது. மாஸ்டர் திட்டக்கூட இல்லை. என் முகத்தைப் பார்க்காமல், "வீட்டுக்குப் போம்மா" என்றார்.

ஷேடு பார்க்கிறவளுக்கு ஷேடு தெரியவில்லை என்று ஊரில் எப்படிச் சொல்வது? கண்ணில் புரை என்று சொல்லி வைத்தேன். கூட வேலை செய்த நாச்சிமுத்தண்ணனிடமும் அதையேதான் சொன்னேன்.

பிரணவ் என்னைத் தன்னிடமே வேலைக்கு வைத்துக்கொண்டான். அடுத்தவர்கள் தலையில் தொப்பி மாட்டி, எதிரே நிறத்துணியைக் காட்டி, பட்டனை அழுத்துகிற வேலை. அவனை நல்லவன் என்றுதான் நினைத்தேன். ஒரு மாசம் கழித்து அடுத்த அறையில் போன் பேசினான். கதவு சாத்தவில்லை. என் மாதிரி ஆட்களுக்காக அவர்கள் கதவைச் சாத்துவதில்லை.

"திரும்பி வராதுன்னு எழுதினா எவன் உட்காருவான்? எரிஞ்ச இடம் எரிஞ்சதுதான், எலியில டெஸ்ட் பண்ணும்போதே தெரியும். தற்காலிகம்னே இருக்கட்டும். கையெழுத்துப் போடறவன் எவனும் படிக்கறதில்ல."

அன்றைக்கே அரிவாளை எடுத்திருக்கலாம். எடுத்தால் அவன் சாவான், அல்லது தழும்போடு பிழைப்பான். ரெண்டுமே எனக்குப் போனதற்கு ஈடில்லை. எனக்கு அவன் சிவப்பு வேண்டும். அவனும் குங்குமத்தை மோந்து பார்த்து எடுக்க வேண்டும். அதற்கு அவன் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். வேறு எதிலும் எனக்குத் திருப்தி வராது.

எட்டு மாசம் காத்திருந்தேன். டீ ஆற்றிக் கொடுத்தேன், தரை துடைத்தேன். வந்தவர்களுக்குத் தொப்பி மாட்டி, "ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று என் வாயாலேயே சொன்னேன். ஆமாம், சொன்னேன். ஒருமுறை அவனிடமே சும்மா கேட்பது போலக் கேட்டேன். "சார், நீங்க ஒரு தடவ உட்கார்ந்து பாருங்களேன்."

"சமையல்காரன் தன்னையே நறுக்கிக் குழம்பு வைப்பானாக்கா?" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

பிறகு கோயம்புத்தூர்க் கண்காட்சி வந்தது. பெரிய ஹால், ஏசி. நடுவில் ஒன்பது அடி உயரத்துக்கு ஒரு துணி. ஓவியத்தையே தோற்கடித்த புகைப்படம் என்று யாரோ பத்திரிகையில் எழுதியிருந்தார்களாம். அதன் முன்னால் பட்டுச்சேலை கட்டின ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அது என் தலையிலிருந்து வந்தது, பதினோரு உட்காரலும் சேர்ந்தது. எனக்கு அது பூசாத சிமென்ட் சுவராகத் தெரிந்தது.

சென்னையிலிருந்து கம்பெனிக்காரர்கள் சிலர் வந்திருந்தார்கள். பிரணவின் மெஷினை வாங்கி, திருப்பூரில் ஒரே ஷெட்டில் நாற்பது நாற்காலி போடப் போகிறார்கள். ஹோட்டல் சுவருக்கும் பங்களா சுவருக்கும் இந்தப் படங்களுக்கு அத்தனை கிராக்கி. உட்கார ஆள் வேண்டுமே? அதற்காகப் பட்டறை ஜனங்களை ரெண்டு வேனில் கூட்டி வந்து, பிரியாணி பொட்டலத்தோடு பின்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அதில் நாச்சிமுத்தண்ணனும் இருந்தார். முப்பது வருஷமாகச் சாய மெஷின் ஓட்டுகிற ஆள். முட்டி தேய்ந்துவிட்டது, ஏணி ஏற முடியாது. ஆனால் கண் கழுகு. எனக்கு அடுத்தபடி அவர்தான்.

ஒன்பது அடித் துணியை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார். "ஏம்மிணி, இதா போட்டோ? நம்ம பட்டறைச் சாக்கடையில தெனமும் ஓடுதே. அதப் பார்த்து ஒருத்தனும் அழுவல?"

"அண்ணா, மெல்லப் பேசுங்."

"நெறம் என்னமோ நெறந்தான் அம்மிணி. பொய் சொல்லக் கூடாது. வெயில்ல காயப்போட்ட மொளகாக்குள்ள தலைய உட்டாப்பல இருக்குது" என்றார். அது யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

மேடையில் புது நாற்காலி ஒன்று வைத்திருந்தார்கள். நாற்பதில் முதலாவது. அதை எப்படி ஓட்டுவது என்று முந்தின நாள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பழையதில் பதினோரு தடவையில் போனது இதில் ஒரே தடவையில் போகும். கம்பெனிக்கு நேரம் மிச்சம். ஜனங்களில் யாராவது ஒருத்தரை மேலே கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டுவது என்று ஏற்பாடு.

பிரணவ் மைக்கில் பேசினான். வலியில்லை, ஆபத்தில்லை, ரெண்டே நாளில் எல்லாம் பழையபடி. "யார் முதல்ல வர்றீங்க?" என்று கையை நீட்டினான்.

பின்வரிசையில் ஒருத்தரும் அசையவில்லை. பயம். அந்த அமைதியில்தான் எனக்கு அது தோன்றியது. நாற்காலிப் பக்கம் என்னிடமும் ஒரு மைக் இருந்தது.

"சார், எங்க பட்டறையில ஒரு வழக்கம் இருக்குது" என்றேன். "புதுச் சாய ரெசிப்பி வந்தா, அதக் கொடுத்தவர்தான் முதல் லாட்டுக்கு மெஷின்கிட்ட நிக்கணும். லாட்டு எறங்கற வரைக்கும் நகரக் கூடாது. அவர் நின்னாத்தான் மத்தவங்க மெஷின்ல கைய வைப்போம்."

பின்னாலிருந்து நாச்சிமுத்தண்ணன் குரல் முதலில் வந்தது. "ஆமாமா! மொத லாட்டுக்குச் சார் நிக்கட்டும்!"

"நிக்கட்டும், நிக்கட்டும்!" எல்லாரும் பிரியாணிக் கையோடு தட்டினார்கள். சென்னைக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. அவர்களும் தட்டினார்கள். போட்டோகிராபர்கள் முன்னால் ஓடி வந்தார்கள்.

பிரணவ் என்னைப் பார்த்தான். எனக்குத் தெரியும் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. மாட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ரெண்டு நாளில் சரியாகிற விஷயத்துக்கு என்ன பயம்? அவன் சொன்ன பொய் அவன் பிடரியைப் பிடித்துத் தள்ளியது. சிரித்துக்கொண்டேதான் வந்து உட்கார்ந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

தொப்பியை மாட்டும்போது உதடு அசையாமல் பேசினான். "அக்கா, சாம்பல் நிறம் காட்டுங்க. இல்ல வெள்ளை. ப்ளீஸ்க்கா. என்ன வேணா செய்யறேன்."

"கண்ண நேரா வைங்க சார்."

துணிக் கட்டிலிருந்து ஒன்றை உருவினேன். எது சிவப்பு என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றின் பின்னாலும் நம்பர் எழுதி வைத்திருக்கிறேன். நாற்பத்தேழு. அதை அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். கண்ணை மூடக் கூடாது, மூடினால் எல்லாரும் பார்ப்பார்கள். பட்டனை அழுத்தினேன்.

ஐந்து நிமிஷத்தில் துணி அச்சாகி இறங்கியது. ஹாலில் 'ச்சு' என்று ஒரு சத்தம். நாச்சிமுத்தண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்குக் கேட்டது. "பொக்குனு போச்சே! பத்துத் தடவ தொவச்ச துண்டாட்டம் இருக்குது."

அவனிடம் இருந்ததே அவ்வளவுதான். அதுவும் போயிற்று. நாற்காலியை விட்டு எழுந்து எதிரே இருந்த ஒன்பது அடித் துணியைப் பார்த்தான். ஒரு சிமென்ட் சுவரைப் பார்க்கிற முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ரெண்டு கையையும் தூக்கி ஜனங்களைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வான்? வியாபாரம் நிற்கிறதே.

மேடையிலிருந்து இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்தான்.

"ரெண்டு நாள்ல சரியாயிடும் சார்" என்றேன். எட்டு மாசமாக நாக்கில் வைத்திருந்த வார்த்தை. தேன்.

வேனில் திரும்பி வரும்போது நாச்சிமுத்தண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பல்லைக் குத்திக்கொண்டே, "அம்மிணி, நாளைக்கே ஷெட்டத் தொறக்கறாங்களாமா. வலிக்குமா அது?" என்று கேட்டார்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வேனில் சொன்னால் விடிவதற்குள் ஊரெல்லாம் பரவும், பிரணவ் காதுக்கும் போகும். அவன் அந்த ரெண்டு நாளையும் நம்பிக்கையோடு கழிக்க வேண்டும். நான் கழித்த மாதிரி. காலையில் எழுந்து தக்காளியை எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்க்க வேண்டும். எலியில் தெரிந்தவனுக்கும் தனக்கென்று வரும்போது ஒரு ஆசை ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நான் கெடுக்க மாட்டேன்.

"வலிக்காதுங்ணா" என்றேன்.

வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். ஒரு வருஷத்தில் அப்படித் தூங்கியதில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் பிரணவ் என் வீட்டு வாசலில் நின்றான். காரின் முன்பக்கம் நசுங்கியிருந்தது. சிக்னலில் நிற்காமல் போய் ஒரு லாரியில் இடித்தானாம். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

"வரலைக்கா" என்றான்.

"வராது. எரிஞ்ச இடம் எரிஞ்சதுதான். போன்ல நீங்கதான் சொன்னீங்க."

நிலையைப் பிடித்துக்கொண்டான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டவில்லை. "உங்களுக்குத் திருப்தியா?"

"திருப்திதான்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். "இப்ப நான் போய் எல்லார்கிட்டயும் சொல்லப் போறேன். ஷெட்ட மூட வைக்கப் போறேன்."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பரிதாபம் மாதிரி ஏதோ இருந்தது. அதுதான் என்னைக் குத்தியது.

"யார் நம்புவாங்கக்கா? நானும் நேத்து கம்பெனில சொன்னேன், நிறுத்துங்கன்னு. மேனேஜர் சிரிக்கறார். 'நீங்களே உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டு எழுந்தீங்களே, அந்த வீடியோவைத்தான் ஷெட் வாசல்ல ஓட்டறோம்'ங்கறார். நாற்பது நாற்காலியும் ரெண்டு ஷிப்ட் ஓடுது. நாங்க எவ்வளவு பேசியும் வராத ஜனம், நீங்க ஒரு வழக்கத்தைச் சொன்னதும் வந்துடுச்சு. முதல் லாட்டுக்கு நின்னவன் நான். அவங்களுக்கு அது போதும்."

அவன் போன பிறகும் வாசலிலேயே நின்றிருந்தேன். அவன் சொன்னது சரி. பட்டறைக்காரர்கள் தாளைப் படிக்க மாட்டார்கள், மைக்கில் சொல்வதை நம்ப மாட்டார்கள். ஒருத்தன் முன்னால் நின்றானா என்பதை மட்டும்தான் பார்ப்பார்கள். அது தெரிந்துதான் அந்த வார்த்தையை எடுத்தேன். அவனை நாற்காலியில் தள்ள அதைவிட நல்ல கயிறு இல்லை. கயிற்றின் மறுமுனை யார் கழுத்தில் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குக் கிளம்பினேன். தெருமுனை திரும்புவதற்குள் நாச்சிமுத்தண்ணன் எதிரே வந்தார், முட்டியைப் பிடித்தபடி தாங்கித் தாங்கி. கையில் ரெண்டு துண்டுத் துணி.

"உன்னத்தான் அம்மிணி பார்க்க வந்தேன். மொத நாளே போயி உட்கார்ந்துட்டேன். நீ சொன்னாப்பல வலியே இல்ல. கண்ணுதான் கொஞ்சம் மங்கல். ரெண்டு நாள் போச்சு, இன்னிக்குத் தெளிஞ்சிருமாட்டம் இருக்குது." துணிகளை வெயிலில் தூக்கிப் பிடித்தார். "இதுல ஒண்ணு மெரூன், ஒண்ணு கருஞ்சாம்பல். மாஸ்டர் கொடுத்து உட்டாரு, எதுன்னு சொல்லச் சொல்லி. எனக்கு என்னமோ ரெண்டும் ஒண்ணாட்டம் இருக்குது. கேட்டாச் சிரிப்பாங்க. புரையோட பார்த்தாலும் உன் கண்ணு கண்ணுதான், நீ ஒரு தடவ பாஸ் பண்ணிக் கொடு."

வாங்கிப் பார்த்தேன். டியூப்லைட்டும் இல்லை, கடை லைட்டும் இல்லை. நல்ல மத்தியான வெயில். ரெண்டும் சாம்பல்.

"அண்ணா, எனக்குப் புரை இல்லீங்" என்றேன். "சிவப்புப் போயி ஒரு வருசமாச்சு. உங்களுக்கும் போச்சுங். திரும்பி வராது. வேன்ல நீங்க கேட்டப்பவே எனக்குத் தெரியும்."

அவர் துணிகளை என் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் என் நெற்றியைப் பார்த்தார். அங்கே பொட்டு இருந்தது, அது சிவப்பு என்று அவருக்குத் தெரிந்திருக்காது.

"மொத லாட்டுக்கு அவன் நின்னானே அம்மிணி" என்று மட்டும் சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தார்.

பிரணவ் எனக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டான். நாச்சிமுத்தண்ணனுக்கு நான் ஒரு சிவப்பு பாக்கி.